கார்க் கதவும் அக்காவின் சைக்கிளும்

அந்தக் கார்க்காரரை நினைத்தால் இன்றும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

அப்போது செம்பாக்கத்தில் இருந்தோம். நான் நாலாவது படித்தேன்; அதற்குப் பிறகும் பெரிதாகப் படித்துவிடவில்லை. அக்கா பள்ளியை முடித்துவிட்டு, பள்ளியில் அரசு கொடுத்த அதே சைக்கிளில் தாம்பரத்துத் தையல் கம்பெனிக்கு வேலைக்குப் போனாள். போகிற வழியில் என்னைப் பள்ளியில் இறக்கிவிடுவாள். அவளை மெயின் ரோட்டில் விட அப்பாவுக்கு மனமே இல்லை. "ஒரே ஒரு தபா வுழுந்துட்டு வா, அன்னியோட சைக்கிளும் கெடயாது, வேலையும் கெடயாது" என்று சொல்லித்தான் அனுப்பினார்.

அக்கா ஓரமாக ஓட்டமாட்டாள். நிறுத்தியிருக்கும் கார்களுக்கும் தனக்கும் நடுவே ஒரு கதவு திறக்குமளவு இடம் விட்டுத்தான் போவாள். பின்னால் வருகிறவர்களின் திட்டு கேரியரில் இருக்கும் எனக்குத்தான் முதலில் விழும். வெட்கமாக இருக்கும்.

அன்று ஒரு தண்ணீர் லாரி ஹாரன் அடித்து எங்களை நெருக்கிக்கொண்டே வந்தது. "ரோடு இன்னா உங்கப்பன் வூட்டுதா? ஓரமா போம்மே!" என்று கிளீனர் கத்தினார். அக்கா ஒதுங்கினாள். ஒதுங்கியதுதான் தாமதம், நின்றிருந்த ஒரு காரின் கதவு படாரென்று திறந்தது.

நான் அக்காவின் மேல் விழுந்ததால் தப்பித்தேன். அவளுக்கு முழங்கையில் தோல் உரிந்து ரத்தம் வழிந்தது. இறங்கிய கார்க்காரர் தன் கதவைத்தான் தடவிப் பார்த்தார். "டோர்ல கோடு விழுந்துடுச்சு. பாத்து வரமாட்டியாம்மா?"

டீக்கடையிலிருந்து ஒருவர், "பொம்பளப் புள்ளைக்கு இந்த டிராபிக்ல சைக்கிள் கேக்குதா?" என்றார். லாரியை யாரும் கேட்கவில்லை. அது அதற்குள் கேம்ப் ரோட்டைத் தாண்டியிருக்கும். பின்னால் பார்க்காமல் கதவைத் திறந்தவரையும் கேட்கவில்லை. விழுந்தவளைத்தான் கேட்டார்கள்.

"கண்ணாடில பின்னாடி பாத்துட்டுத் தொறங்க சார்." அவ்வளவுதான் சொன்னாள். முன்சக்கரத்தை முட்டிகளுக்கு நடுவே இறுக்கி, கோணிய ஹேண்டில்பாரை நிமிர்த்திக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

அப்பா வந்து அந்த ஆளின் சட்டையைப் பிடித்து உலுக்குவார் என்று பகலெல்லாம் காத்திருந்தேன். ராத்திரி அப்பா காயத்தைப் பார்த்துக் கேட்டபோது அக்காவோ, "கம்பெனி படிக்கட்டுல வழுக்கிடுச்சுப்பா" என்றாள். எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. உண்மையைச் சொல்ல வாயெடுத்தேன். தொடையில் நறுக்கென்று கிள்ளினாள்.

மறுநாள் இன்னும் ஓரடி ரோட்டுக்குள்ளே தள்ளியே ஓட்டினாள். பின்னால் ஒரு பஸ் விடாமல் ஹாரன் அடித்தது. அவள் முதுகைத் தட்டித் தட்டிப் பார்த்தேன். ஒதுங்கவே இல்லை. விழுந்த அடியில் அக்காவுக்குக் காது அடைத்துப்போய்விட்டது, அதையும் வீட்டில் மறைக்கிறாள் என்றே நினைத்தேன்.