காலி வேகனில் ஒரு கிடார்

இன்று திண்டிவனம் ஸ்டேஷனில், மல்லாட்டை (வேர்க்கடலை) மூட்டை ஏற்றுவதற்காக ஒரு காலி வேகனின் கதவைத் திறந்தார்கள்.

உள்ளே நான்!

மடியில் கிடார்.

(சிரித்து முடித்துவிட்டு மேலே படியுங்கள். நம் சுற்று நோட்டில் இந்த வாரம் எழுதுவது என் முறை. கை மாறிப் படிப்பவர்கள் பென்சிலால் கிண்டல் எழுத ஓரத்தில் தாராளமாக இடம் விட்டிருக்கிறேன்.)

கதவைத் திறந்த போர்ட்டர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"யோவ், யாருய்யா நீ? இன்னாய்யா அது கையில?"

"கிடாருங்க."

"அது கெடக்கட்டும். உன்னை யாரு ஏத்துனது?"

"நானே ஏறிக்கினேங்க. விழுப்புரம் யார்டுல வண்டி சும்மா நின்னுக்கினு இருந்துச்சி. உள்ள குந்தி வாசிச்சிக்கினு இருந்தேன். நவுந்ததே தெரியல."

"வண்டி மேல இம்மாம் பெருசா ஊர் பேரு எழுதியிருக்குதே?"

"உள்ளேருந்து எப்பிடிங்க தெரியும்?"

பின்னால் மூட்டையோடு நின்றவர் கேட்டார்: "தெரியாத அளவுக்கு அவ்ளோ நல்லாவா வாசிப்பாரு?"

கிடாரை அணைத்துக்கொண்டு கீழே இறங்கினேன்.

நோட்டில் புதிதாகச் சேர்ந்தவர்களுக்காகச் சொல்கிறேன். நான் விழுப்புரம் யார்டில் வேகன் கிளார்க். படிப்பு எட்டாவது. வேகனின் நம்பரைக் குறித்துக்கொண்டு, அது போகிற ஊரை அதன் பக்கவாட்டில் சாக்கட்டியால் எழுதுவது உத்தியோகம். (என் கையெழுத்து ஜில்லா முழுக்க ஓடிக்கொண்டிருக்கிறது!)

மகள் பிலோமினாவைத் திண்டிவனத்தில் கட்டிக்கொடுத்திருக்கிறேன். மாப்பிள்ளை வாத்தியார். கோயிலில் பாட்டும் பாடுவார்.

போன ஈஸ்டர் விருந்தில் என் வாய் சும்மா இருக்கவில்லை.

"மாப்ள பாடுனா, கூட்ஸ் வண்டி பிரேக் புடிக்கிற மாரியே இருக்குது" என்று சொல்லிவிட்டேன்.

பந்தியே சிரித்தது. மாப்பிள்ளை இலையையே பார்த்துக்கொண்டிருந்தார். மகள் சிரிக்கவில்லை.

"பாட்டுன்னா இன்னான்னு உனுக்குத் தெரியுமாப்பா? நீ ஒரு பாட்டு ஒழுங்கா வாசிச்சிக் காட்டு. அப்பறமா எங்க வூட்டுப் படி ஏறு."

அதோடு பேச்சு நின்றது. இரண்டு கடிதம் போட்டேன். பதில் இல்லை.

அந்தச் சமயம் பார்த்து ரயில்வே காலனியிலிருந்து ஒரு சட்டைக்கார (ஆங்கிலோ-இந்திய) டிரைவர் மாற்றலாகிப் போனார். யுத்த நேரம், சாமான் கொண்டுபோக இடமில்லை என்று கிடாரை என் தலையில் கட்டிவிட்டு, மூன்று பிடியும் சொல்லிக்கொடுத்தார். பிடி என்றால் இடது கை விரல்களால் கம்பிகளை அமுக்குகிற விதம். மூன்று பிடி கைவந்தால் பாதி மாதா பாட்டுகளை வாசித்துவிடலாமாம்.

முதல் பிடி ஒரு மாதம்.

இரண்டாவது பிடி இரண்டு மாதம். (நடுவில் விரல் நுனித் தோல் உரிந்ததால் மெடிக்கல் லீவு.)

மூன்றாவது இருக்கிறதே! ஆள்காட்டி விரல் ஒன்றே ஆறு கம்பியையும் சேர்த்து அமுக்க வேண்டும். நான் அமுக்கினால் தகர டப்பாவைத் தட்டினாற்போல 'டப்' என்னும். அவ்வளவுதான். ஐந்து மாதமாக 'டப்'.

வீட்டுக்காரி பொறுத்துப் பொறுத்துப் பார்த்தாள்.

"இந்தாங்க, நீங்க தட்டுறதுல கோழி அடைய வுட்டு எழுந்து ஓடுது. அத்த எடுத்துக்கினு ஜல்தி எங்கனா தூரமா போங்க!"

அதனால்தான் டியூட்டி முடிந்ததும் காலி வேகன் தேடுவது. இன்று காலையும் அப்படித்தான்.

போர்ட்டர் போனால் போகிறது என்று விட்டுவிட்டார். வேட்டியெல்லாம் மல்லாட்டைத் தூசியோடு மகள் வீட்டு வாசலில் போய் நின்றேன்.

மாப்பிள்ளைதான் முதலில் பார்த்தார். "வாங்க மாமா!" என்றார், ஈஸ்டர் என்று ஒரு நாள் வரவே வராததுபோல.

பின்னாலேயே மகள்.

"இன்னாத்துக்கு வந்த?"

"நான் எங்கம்மா வந்தேன்? வண்டி இட்டுக்கினு வந்துடுச்சி."

நடந்ததைச் சொன்னேன். உதட்டைக் கடித்துக்கொண்டாள். ஆனால் படியை விட்டு நகரவில்லை.

"பாட்டு?"

படிக்குக் கீழே நின்றபடியே ஆரம்பித்தேன். முதல் பிடி வந்தது. இரண்டாவது வந்தது. மூன்றாவது...

டப்!

எதிர்வீட்டு ஜன்னல் திறந்தது. மறுபடியும் முதலிலிருந்து பிடித்தேன்.

அப்போது மாப்பிள்ளை என் பக்கத்தில் இறங்கி வந்து நின்று பாட ஆரம்பித்தார். மூன்றாவது பிடி வருகிற இடத்திலெல்லாம் குரலை உயர்த்தினார். என் 'டப்' ஒன்றுகூட வெளியே கேட்கவில்லை!

"போதும் போதும், தெருவே கூடிப்போச்சி. ரெண்டு பேரும் உள்ள வாங்க" என்றாள் மகள்.

உள்ளே போனதும் என் இடது கையைத் திருப்பிப் பார்த்தாள். "இன்னாப்பா, விரலெல்லாம் இப்பிடிக் காச்சிப்போயிருக்குது?" என்று தேங்காய் எண்ணெய் எடுக்கப் போனாள்.

நான் மெல்ல ஆரம்பித்தேன். "மாப்ள, அன்னிக்கி நான் சொன்னது..."

"வுடுங்க மாமா. பிரேக்கு புடிக்கலன்னா வண்டி எப்பிடி நிக்கும்?"

(குரல் இன்னமும் கூட்ஸ் வண்டிதான். இன்று அதைவிட நல்ல சத்தம் எதையும் நான் கேட்கவில்லை.)

சாயங்கால பாசஞ்சரில் ஏற்றிவிட வந்த மகள் ஜன்னலோரம் நின்று கிண்டல் செய்தாள்.

"அடுத்த தபா டிக்கெட் வாங்கிக்கினு வாப்பா. வேகன் கிளார்க்காம், வண்டி எந்த ஊருக்குப் போவுதுன்னு தெரியாம ஏறிட்டாராம்! வெளிய சொல்லிடாத, மானம் போயிடும்."

"ஆமாம்மா, அசந்துட்டேன்" என்றேன்.

காலையில் அந்த வேகனில் 'திண்டிவனம்' என்று சாக்கட்டியால் எழுதிவிட்டு, கை தூசியைத் தட்டிக்கொண்டு அதிலேயே ஏறி உட்கார்ந்தேன் என்பதை மட்டும் சொல்லவில்லை.