விரும்பிக் கேட்டவர்கள்

மாமாவை அடக்கம் செய்த வாரத்தின் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அந்தப் படத்தை இணையத்தில் தேடி எடுத்தேன். யாரோ ஒரு புண்ணியவான் பழைய வி.சி.டி.யிலிருந்து அப்படியே ஏற்றியிருந்தார். திரையின் நடுவில் ஒரு வெள்ளைக் கோடு நடுங்கிக்கொண்டே இருந்தது. ஓடும் நேரம் ஒரு மணி இருபத்துநாலு நிமிடம். சிறுவயதில் அது ஒரு நாள் முழுக்க ஓடியதாக ஞாபகம்.

வெள்ளைக்காரப் படம். தமிழில் பேசவைத்து 'ஜாய்ஸ்டிக் அசுரன்' என்று பெயர் வைத்திருந்தார்கள். கண்ணாடி போட்ட ஒரு பையனை வீடியோ கேம் இயந்திரம் உள்ளே இழுத்துக்கொள்கிறது. உள்ளே ஒரு கோட்டை, கோட்டைக்குள் ஓர் அசுரன். பையனுக்கு மூன்று உயிர். திரையின் மேல்மூலையில் மூன்று சிவப்பு இதயங்களாக அவை மினுங்கும். அவ்வளவுதான் கதை.

என் வேலை மென்பொருளில் பிழை தேடுவது. பழக்க தோஷம், ஒரு காகிதத்தை எடுத்து எழுத ஆரம்பித்துவிட்டேன். கோட்டைச் சுவர் அட்டை. பையன் சாய்ந்தால் சுவரும் சாய்கிறது. அசுரனின் அங்கி கதவில் மாட்டிக்கொள்கிறது. அவன் அதை உருவிக்கொண்டு வருவதையும் வெட்டாமல் விட்டிருக்கிறார்கள். நான்கு நிலைகளுக்கும் ஒரே சுரங்கம், விளக்கின் நிறம் மட்டும் வேறு. இரண்டு இதயம் போன பிறகும் ஒரு காட்சியில் மூன்று இதயம் தெரிகிறது. பதினெட்டு வரை எழுதிவிட்டுக் காகிதத்தை மடித்தேன். பத்து வயதில் இவற்றில் ஒன்றுகூட என் கண்ணில் பட்டதில்லை. மாமாவின் கண்ணில் பட்டிருக்கும். சொல்லமாட்டார்.

மாமா என்றால் அம்மாவின் தம்பி. அவரும் அப்பாவும் காசிமேட்டில் ஒரே விசைப்படகில் வேலை. அப்பா படகை ஓட்டுகிறவர், மாமா வலை இழுப்பவர்களில் ஒருவர். வருடத்தில் பெரும்பகுதி, அவர்கள் துணி துவைக்கப் போட வரும்போதுதான் இருவரையும் நாங்கள் பார்ப்போம். கோடையில் மீன்கள் குஞ்சு பொரிக்கும் வாரங்களுக்கு அரசாங்கம் தடை போடும். அப்போது படகுகள் துறைமுகத்தில் ஒன்றையொன்று உரசிக்கொண்டு கிடக்கும், ஆண்கள் வீட்டில் கிடப்பார்கள். எனக்குப் பள்ளி விடுமுறையும் அதே வாரங்களில்தான். அதை யாரோ எனக்காக யோசித்துச் செய்த ஏற்பாடு என்று நினைத்திருந்தேன்.

அந்த வருடம் மாமா பர்மா பஜாரிலிருந்து இரண்டு பொருள் வாங்கி வந்தார். ஒன்று, கையில் பிடித்து விளையாடும் கேம். அட்டையில் ஒன்பதாயிரத்துச் சொச்சம் விளையாட்டு என்று போட்டிருந்தது. உள்ளே இருந்தது, கட்டை விழும் ஒரே விளையாட்டு. இன்னொன்று அந்த வி.சி.டி. படம் ஓடும்போது மாமா ஒலியைக் குறைத்துவிட்டு அசுரனுக்குத் தானே பேசுவார்.

"இன்னாடா பொடியா, என் கோட்டைக்குள்ளாற வந்துகினு என்னையே மொறைக்கிறியா? கண்ணாடிய கயட்டிக் கீய வெச்சிட்டுப் பேசு!"

அப்பா சிரிப்பை அடக்கிக்கொண்டு வலை பின்னுவார். அவ்வளவு பேசுகிற மனிதர் இல்லை.

வாங்கும்போதே வட்டில் ஒரு கீறல் இருந்தது. பையன் கடைசி இதயத்தோடு அசுரனின் அறைக் கதவைத் திறப்பான். படம் அங்கேயே சில்லுச் சில்லாக உடைந்து நின்றுவிடும். சட்டையில் துடைத்தோம், பற்பசை தடவினோம், வெயிலில் வைத்தோம். நிற்கிற இடம் மாறவில்லை. முடிவு என்னவென்று எங்கள் இருவருக்கும் தெரியாது.

கல்மண்டபத்தில் எங்கள் பகுதிக் கேபிள்காரர் ஒரு கடை வைத்திருந்தார். சீட்டில் படத்தின் பெயரையும் விரும்பிக் கேட்பவர் பெயரையும் எழுதிக்கொடுத்தால் மறுநாள் பதினொரு மணிக்கு அவருடைய சேனலில் போடுவார். படம் தொடங்கும்போது கேட்டவர்களின் பெயர் திரைக்குக் கீழே ஓடும். ஒரே ஒருமுறை. கவனிக்காமல் விட்டால் போச்சு.

தடை முடிய நாலைந்து நாள் இருந்தது. படகை மந்திரிக்க மாதா கோவில் சாமியார் வரும் நாளுக்கு முன் கழுவி முடிக்க வேண்டும் என்று அப்பா சொல்லிக்கொண்டிருந்தார். படகின் அடியில் மீனையும் ஐஸையும் கொட்டிவைக்கும் அறை ஒன்று உண்டு. கடைசியாகக் கரைக்கு வந்த நாளின் மீன் கழிவும் ஐஸ் தண்ணீரும் அதன் தரையில் தேங்கி, மேலே மூடி போட்டு, அத்தனை வார வெயிலில் கிடந்திருக்கும். உள்ளே இருப்பது காற்றாக இருக்காது, விஷமாகியிருக்கும். அதனால் முந்தின நாள் சாயங்காலமே மூடியைத் திறந்துவைத்து, ராத்திரி முழுக்கக் கடல்காற்று போன பிறகு காலையில்தான் இறங்குவார்கள். துறைமுகத்தில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம் இது. தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டால் துவட்டுவது மாதிரி.

"ஐஸ் ரூம் மூடியத் தெறந்து வெச்சிட்டு வந்துர்றா," என்றார் அப்பா. மாமா கிளம்பினார். நானும் கூடவே ஓடினேன்.

பாதி வழியில் கேபிள் கடை ஞாபகம் எனக்குத்தான் வந்தது. ஆறு மணிக்கு மூடிவிடுவார்கள்.

"படகாண்ட போய்ட்டு வந்துர்லாம் பாப்பா."

"மூடிடுவாங்க மாமா! அப்புறம் லீவு முடிஞ்சிரும், நீ கடலுக்குப் போயிருவ!"

அவர் கையை இரண்டு கையாலும் பிடித்து இழுத்தேன். மாமா துறைமுகம் பக்கம் ஒருமுறை பார்த்தார்.

"சரி வா. மூடிய காலைல தெறந்துக்கலாம். எங்க ஓடிடப் போவுது?"

கடையில் ஐந்தாறு பேர் நின்றிருந்தார்கள். எங்கள் முறை வந்தபோது கேபிள்காரர் சீட்டைப் பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டார்.

"ஊரே சண்டப் படம் கேக்குது. நீ இன்னாடான்னா இந்த அட்டப்பொட்டி பூதத்தக் கேக்குற?"

"போடு நைனா. கிளைமாக்ஸ் பாக்காம கொயந்தைக்குத் தூக்கமே வர்ல."

"கொயந்தைக்கா, ஒனக்கா?"

பெயர் எழுதும்போது எங்களுக்குள் சண்டை. வயதில் பெரியவன் என்று மாமா தன் பெயரை முதலில் எழுதச் சொன்னார். கையெழுத்து என்னுடையது என்று நான் என் பெயரை முதலில் எழுதினேன். வெளியே வந்தபோது இருட்டிவிட்டது. என்னை வீட்டில் விடவேண்டியிருந்தது. திறந்துவிட்டாயா என்று அப்பா கேட்டதற்கு மாமா தலையாட்டினார், சுவரைப் பார்த்து.

மறுநாள் காலையில் அவர் அப்பாவுக்கு முன்பே துறைமுகத்துக்கு ஓடிவிட்டார். வாசலில் என்னிடம் விரல் நீட்டிச் சொன்னார்: "பதினோரு மணிக்கு டாண்ணு வந்துருவேன். நான் வர சொல்லோ டிவி ஆன்ல இருக்கணும்."

பதினொன்றுக்குப் பெயர் ஓடியது. முதலில் என் பெயர், அடுத்து மாமா பெயர், அதில் ஓர் எழுத்தைத் தப்பாகப் போட்டிருந்தார்கள். அறையில் என்னைத் தவிர யாரும் இல்லை. மாமாவை வெறுப்பேற்ற இது போதும் என்று சந்தோஷப்பட்டேன். பையன் இரண்டாவது சுரங்கத்தில் ஓடிக்கொண்டிருந்தபோது தெருவில் சத்தம் கேட்டது. அம்மா ஈரக் கையோடு ஓடினாள். யாரோ என்னைத் தூக்கிக்கொண்டு போனார்கள். டிவியை யாரும் அணைக்கவில்லை.

நடந்ததைப் பக்கத்துப் படகில் வர்ணம் அடித்துக்கொண்டிருந்தவர்கள் சொன்னார்கள். காலையில்தான் மூடியைத் திறந்த ஐஸ் ரூமுக்குள் மாமா இறங்கியிருக்கிறார். சத்தம் இல்லை. அப்பா மேலிருந்து இரண்டுமுறை கூப்பிட்டிருக்கிறார். இறங்காதே, கயிறு கட்டிக்கொள் என்று இவர்கள் கத்துவதற்குள் கயிற்றைக் கையில் பிடித்தபடி இறங்கிவிட்டார். கயிற்றை மாமாவின் இடுப்பில் கட்டி அசைத்திருக்கிறார். மாமாவை மேலே இழுத்தார்கள். மறுபடி கயிற்றை இறக்கியபோது அதைப் பிடிக்க உள்ளே ஆள் இல்லை.

படத்தின் முடிவை இந்த ஞாயிற்றுக்கிழமைதான் பார்த்தேன். பையன் வெளியே வந்துவிடுகிறான். உள்ளே போகும்முன் அவன் வாங்கிவைத்த ஐஸ்கிரீம் இன்னும் உருகாமல் இருக்கிறது. அத்தனையும் ஒரு நொடியில் நடந்தது என்று அர்த்தமாம். மாமா பார்த்திருந்தால் இதற்கும் ஏதாவது சொல்லியிருப்பார்.

அவர் சாவுக்கு அம்மா வரவில்லை. ஒவ்வொரு வருடமும் அப்பாவின் நினைவுப் பூசை முடிந்து கோவிலிலிருந்து திரும்பும்போது, "மறந்துட்டானாம்" என்று ஒரு சொல் மட்டும் சொல்வாள். கேபிள் கடைக்குப் போனதை அவளிடம் நான் இன்றுவரை சொல்லவில்லை. எத்தனையோ முறை வாயெடுத்திருக்கிறேன்.

அந்தச் சொல்லை மாமா சொன்ன இடத்தில் நானும் இருந்தேன். அப்பாவின் ஏழாம் நாள் பூசை முடிந்திருந்தது. மாமா ஆஸ்பத்திரியிலிருந்து வந்து இரண்டு நாள். படகுக்காரர்கள் கூடும் கொட்டகையில் அவரை நிற்கவைத்திருந்தார்கள். சட்டை அவருக்குத் திடீரென்று பெரிதாகிவிட்டது மாதிரி இருந்தது. அம்மா பாயில் உட்கார்ந்திருந்தாள், நான் அவளை ஒட்டி.

ஊர்ப் பெரியவர்தான் கேட்டார். "சாய்ந்தரமே தெறந்து வெய்யின்னு ஒன் மச்சான் சொல்லிகிறாரு. ஏன்டா தெறக்கல?"

"மறந்துட்டேம்பா."

"மறக்குற சமாச்சாரமாடா அது? அப்டி இன்னா வேல ஒனக்கு?"

"ஒரு வேலையும் இல்லபா. சொம்மா சுத்திகினு இருந்தேன். மறந்துட்டேன்."

எனக்குப் பொறுக்கவில்லை. எழுந்துவிட்டேன். "மாமா மறக்கல. நானும் மாமாவும் கேபிள்..."

"ஏய்! பெரியவங்க பேச சொல்லோ குறுக்க வராத! உக்காரு!"

மாமா என்னைப் பார்த்துக் கத்தியது அதுதான் முதல் தடவை. கத்திவிட்டு அவருக்கு இருமல் வந்துவிட்டது. இருமி முடித்துப் பெரியவரிடம் தணிந்த குரலில், "சின்னப் புள்ளபா. அதுக்கு இன்னா தெரியும்?" என்றார்.

அம்மா என் கையைப் பிடித்து இழுத்து உட்காரவைத்தாள்.

இவனை இனி எந்தப் படகிலும் ஏற்றக்கூடாது என்று பெரியவர் சொன்னார். யாரும் மறுக்கவில்லை. மறதிக்காரனோடு கடலுக்குப் போக யாருக்குத் துணிச்சல் வரும்? கடைசியில் அம்மா தலை நிமிராமல் பேசினாள்: "என் வூட்டு வாசப்படி மிதிக்காதடா." மாமா பேசின் பிரிட்ஜ் பக்கம் ரயில் பெட்டி கழுவும் வேலைக்குப் போய்விட்டார் என்று பின்னால் கேள்விப்பட்டேன்.

அன்று எனக்கு வந்தது கோபம் மட்டும்தான். நாங்கள் போட்ட சண்டை, எழுதிக்கொடுத்த சீட்டு, திரையில் ஓடிய இரண்டு பெயர், எல்லாவற்றையும் மாமா 'ஒரு வேலையும் இல்ல' என்று சொல்லிவிட்டார். அத்தனை பெரிய ஆட்கள் முன்னால், ஓர் அட்டைப்பெட்டி பூதத்தின் படத்துக்காகப் போனேன் என்று சொல்ல அவருக்கு வெட்கம். கூட்டாளியை விட்டுக்கொடுத்துவிட்டார். வேறு காரணம் எனக்குத் தோன்றவில்லை.

கொட்டகையிலிருந்து எல்லோரும் கலைந்தபோது மாமா எங்கள் பக்கமாக வந்தார். அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவர் குனிந்து என் தலையில் கை வைக்க வந்தார். நான் தலையை விலக்கிக்கொண்டேன்.