ரெண்டே சீட்டு

போடிமெட்டுக்கு ஏலத்தோட்ட ஆட்களை ஏற்றிப்போகும் ஜீப்பு டிரைவர் அவர். காதில் பீடி, சட்டைப்பையில் கார்வெட் என்ற பழைய அமெரிக்க ஸ்போர்ட்ஸ் காரின் படம். ஜீப்பைக் குறை சொன்னால் உடனே படத்தை எடுத்து நீட்டுவார்.

கதவில் வெளிப்பக்கம் கைப்பிடி இல்லையே என்றேன்.

"மொதமொத வந்த கார்வெட்டுக்கும் கெடையாதுண்ணே. உள்ள கைய விட்டுத்தான் தெறக்கணும்."

ஏற்றி இறக்கக் கண்ணாடியும் இல்லையே?

"அதுலயும் இல்ல. அந்த வருசம் செஞ்சதே முந்நூறு காருதான், தெரியும்ல?"

ஏழாவது வளைவில் ஜீப்பு நின்றுவிட்டது. பதினாலு பேரும் இறங்கித் தள்ளினோம்.

"அமெரிக்காக் காரும் இப்பிடித்தான் நிக்குமா?" என்றேன், மூச்சு வாங்க.

ஸ்டியரிங்கை விடாமல் தலையை வெளியே நீட்டினார்.

"அதுல ரெண்டே சீட்டுண்ணே. நின்னா தள்ள ஆளுக்கு எங்க போவான்?"

இப்போதெல்லாம் அந்தக் காரைப் படத்தில் பார்த்தாலே, அதன் சொந்தக்காரனை நினைத்துப் பாவமாக இருக்கிறது.