ஃப்னூ என்றொரு வாடிக்கையாளர்

அமெரிக்க விசாவில் என் முதல் பெயர் எஃப்.என்.யூ. முதல் பெயர் தெரியவில்லை என்பதற்கு அவர்கள் வைத்திருக்கும் ஆங்கிலச் சுருக்கம். வாப்பா பெயரை இனிஷியலாகப் போட்டுப் பழகிய ஊர்க்காரிக்குக் குடும்பப் பெயர் ஏது? பாஸ்போர்ட்டில் இருந்த ஒரே பெயரைக் கடைசிப் பெயர் கட்டத்தில் தள்ளிவிட்டு, முன்னால் இதை ஒட்டிவிட்டார்கள். டிரைவர் லைசென்ஸிலும் அதுதான், ஆபீஸ் பேட்ஜிலும் அதுதான். ஜெர்சி சிட்டியில் நான் வேலை பார்த்த வங்கிக் கட்டடத்தின் காவலாளி அந்த மூன்றெழுத்தையும் ஒரே பெயராகச் சேர்த்துப் படித்து, தினமும் காலையில் "குட் மார்னிங், ஃப்னூ!" என்பார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். என் பெயரைச் சொல்லிக்கொடுத்தும் பார்த்தேன். மனிதர் பேட்ஜைத்தான் நம்பினார்.

2006 அது. வங்கியின் வலைத்தளத்தைப் புதிதாகக் கட்டிக்கொண்டிருந்தார்கள். நான் கான்ட்ராக்டில் டெஸ்டர். அடுத்தவர் எழுதிய புரோகிராமில் ஓட்டை கண்டுபிடிக்கிற வேலை. அதில் நான் கெட்டிக்காரி, சொல்லிக்கொள்ள என்ன வெட்கம்? ஆனால் மனசு பேக்-எண்டில் கிடந்தது. திரையில் ஒருவர் பட்டனை அழுத்தியதும், யார் கண்ணுக்கும் தெரியாத இடத்தில், இவர் யார், இவர் கணக்கு எது, உள்ளே விடலாமா என்று முடிவெடுக்கிற புரோகிராம்கள் ஓடுகின்றனவே, அவற்றை நான் எழுத வேண்டும். ஜாவா படித்து வைத்திருந்தேன். அந்த டீமில் ஓர் இடமும் காலியாக இருந்தது. வலைத்தளம் வெளியானதும் என் கான்ட்ராக்ட் முடிந்துவிடும். அதற்குள் அந்த இடம் கிடைக்காவிட்டால் வேறு கம்பெனியில் மறுபடியும் டெஸ்டர்தான்.

டீம் லீட் சென்னைக்காரர். அவரிடம் கேட்டேன்.

"ஏங்க, டெஸ்டிங் உங்களுக்கு சூப்பரா வருது. எதுக்கு இந்த ரிஸ்க்கு?"

"நல்லா வருதுன்னு ஆயுசு பூரா அடுத்தவங்க குறையவே பாத்துட்டு இருக்கணுமா?"

"கோவிச்சுக்காதீங்க. மேனேஜர்தான் டிசைட் பண்ணணும். நீங்க கோட் எழுதுவீங்கன்னே அவருக்குத் தெரியாது. தெரியற மாதிரி ஏதாவது பண்ணுங்க."

என்னத்தைப் பண்ணுவது? மண்டை காய்ந்தது.

அந்த வாரம் ஒரு புதுப் புரோகிராமை ஓட்டிப் பார்த்தார்கள். ஒரே ஆளின் பெயர் வங்கியில் இரண்டு மூன்று இடத்தில் இருந்தால், அவற்றை ஒன்றாகச் சேர்க்கிற புரோகிராம். முதல் பெயர், பிறந்த நாளும் மாதமும், அஞ்சல் எண் மூன்றும் ஒத்துப்போனால் ஒரே ஆள். பழைய பதிவுகளில் வருடம் சரியாக இல்லாததால் அதைப் பார்ப்பதில்லை. கல்யாணமானதும் பெண்கள் கடைசிப் பெயரை மாற்றிக்கொள்வார்களாம், அதனால் அதைப் பார்க்கவே வேண்டாம் என்று விட்டுவிட்டார்கள்.

மேனேஜர் எல்லோரையும் கான்பரன்ஸ் ரூமுக்குக் கூப்பிட்டார். முகம் இறுகிக் கிடந்தது. திரையில் ஒரே ஒரு வாடிக்கையாளர். எங்களைப் போன்ற இந்தியர்கள் நிறைந்த ஜர்னல் ஸ்கொயர் பக்கம் வீடு. பக்கம் பக்கமாகக் கணக்குகள், கணக்குக்கு ஒரு ஃபோன் நம்பர், கணக்குக்கு ஒரு மனைவி. ஏதோ பெரிய மோசடி, விசாரணைப் பிரிவுக்குச் சொல்லிவிடலாம் என்றார் மேனேஜர். அந்த மோசடிப் பேர்வழியின் பெயரைப் பார்த்தேன். ஃப்னூ. பிறந்த தேதி ஜூன் ஒன்று.

யா அல்லாஹ், எனக்கு வந்த சிரிப்பை அடக்க முடியவில்லை. எல்லோரும் திரும்பிப் பார்க்க, என் பேட்ஜைக் கழற்றி மேஜையில் வைத்து, "அதில் ஒரு ஃப்னூ நான்தான்" என்றேன். பெயர்க் கதையைச் சொன்னேன். சரி, பிறந்தநாளும் எப்படி ஒன்றாகும் என்று கேட்டார் மேனேஜர். எங்கள் பக்கம் பள்ளியில் சேர்க்கும்போது வயது பத்தாவிட்டால், ஜூன் ஒன்று என்று ஹெட்மாஸ்டரே போட்டுக்கொள்வார். அதுவே சர்டிபிகேட்டுக்கும் பாஸ்போர்ட்டுக்கும் போய்விடும் என்றேன். அவர் நம்பாமல் லீடைப் பார்த்தார்.

"அட, எனக்கும் ஜூன் ஒண்ணுதாங்க!" லீட் தமிழிலேயே கத்திவிட்டார். "எங்கம்மா ஆகஸ்ட்லதான் பாயசம் வைப்பாங்க!" பிறகு அதை மேனேஜருக்கு ஆங்கிலத்தில் சொன்னார். மனிதர் நாற்காலியில் சாய்ந்து வயிறு குலுங்கச் சிரித்தார்.

இதை யார் சரிசெய்வது என்று அவர் கேட்டு முடிக்கவில்லை, "நான்" என்றேன். "அவங்ககிட்டயே குடுங்க" என்று லீட் எனக்காகப் பேசினார். அந்த ஒரு வார்த்தைக்காக அவருக்கு இன்றைக்கும் துஆ செய்கிறேன்.

எழுதினேன். ஃப்னூ என்று இருந்தால் அதைப் பெயராகவே எடுக்காதே, கடைசிப் பெயரைப் பார். பிறந்த தேதி ஒத்துப்போகிறதே என்று அவசரப்பட்டுச் சேர்க்காதே, ஃபோன் நம்பரையும் பார். அப்போதும் சந்தேகம் தீராவிட்டால் ஒரு மனிதரிடம் அனுப்பு. ஓட்டியதும் அந்த ராட்சச ஃப்னூ உடைந்து, ஒவ்வொருவராக வெளியே வந்தார்கள். எங்கள் மேல்மாடிக்காரர், மளிகைக் கடையில் அடிக்கடி பார்க்கிறவர், என் வீட்டுக்காரர், கடைசியில் நான். என் பெயர் தனியாக, முழுசாக வந்து நின்றதைப் பார்த்ததும் ஆபீஸ் என்றும் பாராமல் கைதட்டிவிட்டேன்.

வலைத்தளம் வெளியான அன்று வீட்டுக்காரரை இழுத்து உட்காரவைத்து லாகின் பண்ணச் சொன்னேன்.

"என் அக்கவுண்ட்தானே வருது. இதுல என்ன புதுசு?"

"உங்களோடது மட்டும் வருதுல்ல? அதுதாங்க நான் எழுதுனது!"

அவர் உடனே மேல்மாடி நண்பருக்கு ஃபோன் போட்டார். "டேய், ஒன் அக்கவுண்ட் ஒனக்கு வருதா பாரு. என் வீட்டுக்காரி எழுதுனதுடா!"

அடுத்த திங்கட்கிழமை புது பேட்ஜ் வந்தது. அதை அச்சடிக்கிறவர்கள் வேறு டிபார்ட்மென்ட், அதனால் முதல் வரியில் அதே ஃப்னூதான். காவலாளி அதைக் கையில் வாங்கி, கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, இரண்டாவது வரியையும் சேர்த்து உரக்கப் படித்தார்.

"ஃப்னூ. பேக்-எண்ட் டெவலப்பர்."

இன்னொரு தடவை படியுங்கள் என்றேன். முதல் வரியிலிருந்தே.