அடித்துவிட்ட வண்டி

கதை அளக்கிறேன் என்று நினைப்பவர்கள் இப்போதே எழுந்து போகலாம். இது என் அக்கா வீட்டுக்காரருக்கு, அதாவது என் அத்தானுக்கு, பட்டப்பகலில் நடந்தது.

அத்தானுக்கு ஒரு கிறுக்கு. 1938-இல் ஒரு பிரிட்டிஷ் கம்பெனி செய்த ஐந்நூறு சிசி மோட்டார் சைக்கிளில் இன்னும் எத்தனை மிச்சம் என்று பதினைந்து வருஷமாகப் பட்டியல் போடுகிறார். நேரில் போவார். எஞ்சின் எண்ணின் மேல் தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்து எடுப்பார். அதற்குப் பிறகுதான் எழுதுவார்.

ஒரே ஒரு தடவை பார்க்காமல் எழுதினார். அதே மாதிரி வண்டி வைத்திருந்த ஒரு வெல்டர், நாலு பேர் முன்னால், "உங்க வண்டியிலயே பாதி புது பார்ட்ஸ். முதல்ல அதைப் பட்டியல்லேருந்து அடிங்க" என்று சொல்லிவிட்டார். அத்தானுக்கு மூக்குக்கு மேல் கோபம். வீட்டுக்கு வந்து வெல்டர் வண்டிக்கு நேராக "அழிந்தது" என்று எழுதி அடித்துவிட்டார்.

அடுத்த மாதம் வெல்டர் செத்துப்போனார். அவர் மனைவி போன் செய்தார்.

"அழிஞ்சுதுன்னு எழுதியிருக்கீங்களாமே. வந்து பாருங்க. ஓடுது."

ஒரு தப்பு வெளியே தெரிந்தால் மொத்தப் பட்டியலும் குப்பை. அது ஓடாது என்று காட்டிவிடத்தான் அத்தான் போனார்.

பிற்பகல் 3.05. அந்த அம்மா வெல்டிங் பட்டறை ஷட்டரைத் தூக்கிவிட்டு வாசலிலேயே நின்றார்.

இரண்டு டயரிலும் காற்று இல்லை. டேங்க் காய்ந்து கிடந்தது. சைலன்சர் வாயில் சிலந்தி வலை. அத்தானுக்கு அப்பாடா என்று இருந்தது.

தாளை வைத்துத் தேய்த்தார். தாள் சுட்டது.

வெயில் சூடு என்று நினைத்துக்கொண்டார். ஆனால் அங்கே வெயிலே இல்லை...

கிக்கரை மிதித்தார். தொளதொளவென்று கீழே போனது.

"பாத்தீங்களாம்மா? உயிரே இல்ல."

"இன்னொரு தடவை மிதிங்க."

3.10. மிதித்தார். பாதியில் நின்றது. அடியிலிருந்து யாரோ காலால் எதிர்த்து அழுத்துவதுபோல...

டக்.

கிக்கர் திருப்பி அடித்தது. கணுக்கால் முறிந்த சத்தம் அவருக்கே கேட்டது.

டப்... டப்... டப்...

வண்டி ஓடியது.

ஸ்டாண்டிலிருந்து தானாக இறங்கியது.

காற்றில்லாத டயரோடு... அவரைச் சுவரோடு வைத்து நெருக்கியது.

மூச்சு முட்டியது.

"ஓடுதா?" வாசலிலிருந்து கேட்டார் அந்த அம்மா.

"ஓடுதும்மா..."

"எழுதுங்க."

பையிலிருந்த பட்டியலை எடுத்து எழுதினார். "இருக்கிறது."

சத்தம் நின்றது. 3.13.

அத்தானுக்குக் காலில் தகடு வைத்தார்கள். அந்த எஞ்சினுக்குள்ளே என்ன இருக்கிறது என்று தெரிந்தே ஆக வேண்டும் என்று தவியாய்த் தவித்தார். பழக்கமான மெக்கானிக்கை அனுப்பினார். அவர் எஞ்சினைக் கழற்றிப் பார்த்துவிட்டு, அங்கிருந்தே போன் செய்தார்.

"அண்ணே, யாரு இது ஓடுச்சுன்னு சொன்னது? சிலிண்டர் காலி. பிஸ்டனே இல்ல."

"அந்த அம்மாகிட்ட கேளு."

கேட்டார். அந்த அம்மாவின் பதில் அத்தான் காதிலும் விழுந்தது.

"எங்க வீட்டுக்காரர் சாகறப்போ ஆசைப்பட்டுக் கேட்டாருப்பா. பிஸ்டனைக் கையில குடுத்துத்தான் புதைச்சோம்."