ஆறாம் நம்பர் மைக்ராஸ்கோப்

எனக்கு அப்போது பத்தொன்பது வயது. குற்றாலத்தில் பெண்கள் கல்லூரியில் விலங்கியல் இரண்டாம் வருஷம். ஆனி மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில், தென்காசியில் எங்கள் வீட்டுக்கு அக்காவின் மாமியார் வந்தார். அவரை நான் அத்தை என்று கூப்பிடுவேன். அவரும் அப்பாவும் முன்கட்டுப் பட்டாசாலையில் உட்கார்ந்து, அக்கா புருஷனுக்கு என்னை இரண்டாம் தாரமாகக் கொடுப்பதென்று பேசி முடித்தார்கள். நான் அடுக்களையில் அவர்களுக்குக் காப்பி ஆற்றிக்கொண்டிருந்தேன். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டால் என்ன சொல்வேன் என்று தெரிந்துதான் கேட்கவில்லை.

அக்காவுக்குக் கல்யாணமாகி ஆறு வருஷம், பிள்ளை இல்லை. ஊசி, மாத்திரை, லேகியம், பண்பொழி மலைக்குப் படியேறி வேண்டுதல் என்று அவள் பார்க்காதது இல்லை. தென்காசி டாக்டரம்மா, "ஒங்க வீட்டுக்காரரையும் ஒருதரம் கூட்டிட்டு வாம்மா" என்று மூன்று தடவை சொல்லிவிட்டார். அத்தான் போகவில்லை. குத்துக்கல்வலசையில் ஒரு ரைஸ் மில்லில் நெல் அவிக்கிற இடத்தை அவர் மேற்பார்த்துக்கொண்டிருந்தார்.

"எம்புள்ளைக்கு என்ன கொறை? நாள் பூரா ஆவியில நிக்கான், ஒடம்புச் சூடு. எண்ண தேச்சு அருவில நாலு குளி குளிச்சா சரியாப் போவுது" என்பார் அத்தை. அத்தானும் சீசனுக்குச் சீசன் ஒழுங்காகக் குளித்தார்.

மறுநாள் அக்காவே வந்து என்னைக் கெஞ்சினாள்.

"வேற எவளும் வந்தா என்னத் தெருவுல விட்டுருவா. நீ வந்தா நான் ஒரு மூலையில கெடந்துக்கிடுவேன். சரின்னு சொல்லுட்டி."

எனக்குக் கோபம் உச்சிக்கு ஏறிவிட்டது. "கொறை அவருக்கா இருந்தா? நீயும் நானும் ஒக்காந்து பல்லாங்குழி ஆடுவோமா?" என்றேன்.

அவள் அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை. "அத எப்படிட்டி கண்டுபிடிக்கது?" என்று கேட்டாள்.

அந்தத் தைரியம் எனக்கு எங்கிருந்து வந்ததோ, எங்கள் லேபிலேயே பார்க்கலாம் என்று சொல்லிவிட்டேன். அவளும் துணிந்துவிட்டாள். அத்தானிடம் அவள் ஒரு பொய் சொன்னாள். சீசனுக்குக் குற்றாலம் வந்திருக்கும் வெளியூர் டாக்டரம்மா ஒருத்தி இருக்கிறாள், பேரும் ஊரும் கேட்கமாட்டாள், விந்தைக் குப்பியில் கொடுத்தனுப்பினால் போதும், பார்த்துச் சொல்லிவிட்டுத் தன் ஊருக்குப் போய்விடுவாள் என்று. வெளியூர் என்ற ஒரு வார்த்தைக்காகவே அவர் ஒப்புக்கொண்டார்.

ஆடி மாதம் ஒரு புதன்கிழமை மத்தியானம் எங்களுக்கு பிராக்டிகல். வெட்டுக்கிளியின் விந்தகத்தை எடுத்துச் சாயம் போட்டு, ஸ்லைடில் வைத்து நசுக்கி, செல்கள் பிரிகிற கட்டங்களைப் பார்த்துப் படம் வரைய வேண்டும். நான் கேட்டு வாங்கியது ஜன்னலோரத்து ஆறாம் நம்பர் மைக்ராஸ்கோப். எங்கள் மைக்ராஸ்கோப்புகளுக்கு விளக்கு கிடையாது. அடியிலிருக்கும் கண்ணாடியைத் திருப்பி வானத்து வெளிச்சத்தைத்தான் பிடிக்க வேண்டும். அன்றைக்கென்று சாரல் விடாமல் பெய்தது.

தண்ணீர் குடிக்கப் போவதாகச் சொல்லிவிட்டு கல்லூரி கேட்டுக்கு ஓடினேன். அக்கா நனைந்துபோய் நின்றாள். வெந்நீரில் கழுவிய சின்னக் கண்ணாடிக் குப்பி. துணியில் சுற்றி மடியில் செருகிக்கொண்டு வந்திருந்தாள். சூடு போகக்கூடாது, ஒரு மணி நேரத்துக்குள் வந்தாக வேண்டும் என்று சொல்லியிருந்தேன்.

"பஸ்ல நிக்க எடமில்ல. ஒடஞ்சிருமோன்னு உசிரே போயிட்டு" என்றாள்.

"நேரம்?"

"அம்பது நிமிசம்."

குப்பியைத் தாவணிக்குள் மறைத்துக்கொண்டு லேபுக்குத் திரும்பினேன். இருபது பெண்கள் தலை குனிந்து படம் வரைந்துகொண்டிருந்தார்கள். ஒரு சொட்டு ஸ்லைடில் விட்டு, மெல்லிய கண்ணாடி கவர்ஸ்லிப்பால் மூடினேன். அவசரத்தில் இரண்டு கவர்ஸ்லிப்பை உடைத்தேன். கண்ணாடியைத் திருப்பித் திருப்பி வெளிச்சத்தைப் பிடித்தேன்.

ஒன்றுமில்லை.

புத்தகத்துப் படத்தில் விந்தணுக்கள் தலைப்பிரட்டைகளாக மொய்த்துக் கிடக்கும். இங்கே அங்கொன்றும் இங்கொன்றுமாக உருண்டையான செல்கள்; வால் முளைத்தது ஒன்றுகூட இல்லை. ஸ்லைடை நகர்த்தினேன். இடமிருந்து வலம், மேலிருந்து கீழ். இன்னொரு சொட்டு வைத்துப் பார்த்தேன். குளிரில் செத்துப்போயிருக்குமோ? செத்திருந்தாலும் கிடக்க வேண்டுமே. செத்தது அசையாது, அவ்வளவுதான், காணாமல் போகாது. ஏதாவது ஒன்று நெளியாதா என்று அந்த நேரத்தில் நான் வேண்டிக்கொண்டேன். நெளிந்திருந்தால் என் கழுத்தில் அல்லவா தாலி ஏறும்! அது தெரிந்தும் வேண்டிக்கொண்டேன்.

"என்ன, ஏதும் கெடச்சுதா?" பின்னால் பிராக்டிகல் மிஸ்.

நான் எழுந்திருப்பதற்குள் குனிந்து பார்த்துவிட்டார். குனிந்தவர் நிமிரவே இல்லை.

"இது வெட்டுக்கிளி இல்ல." குரலை இறக்கினார். "யாருது?"

"எங்க அக்கா வீட்டுக்காரருது, மிஸ்."

அவர் முகம் வெளிறிவிட்டது. சுற்றிலும் பார்த்தார். "கழுவு. இப்பவே கழுவு. நீ ஒண்ணும் பாக்கல, நானும் பாக்கல. வெளிய தெரிஞ்சா ஒன் படிப்பும் போச்சு, என் வேலையும் போச்சு."

"நான் சரியாப் பாத்தேனா மிஸ்?"

இரண்டு மேஜை தள்ளிப் போனவர் திரும்பி வந்தார். "சரியாத்தான் பாத்திருக்கே" என்று சொல்லிவிட்டுப் போனார்.

பிற்பாடு இதுவே எனக்கு ஆராய்ச்சியாயிற்று. விந்தணு உருவாகும்போது செல் தன் டி.என்.ஏ. இழையைத் தானே வெட்டிக்கொள்கிறது. அப்பா வழி வந்ததையும் அம்மா வழி வந்ததையும் மாற்றிக் கோத்துவிட்டு, வெட்டிய இடத்தைத் தானே சரிசெய்தும்விடுகிறது. அந்தச் சரிசெய்யும் வேலை பிசகினால் செல் பாதியிலேயே நின்றுவிடும், வால் முளைக்காது. அத்தானுக்கு அதுதானா, அடைப்பு மாதிரி வேறு ஏதாவதா என்று எனக்குத் தெரியாது. அவருடைய தப்பு எதுவுமில்லை என்பது மட்டும் நிச்சயம். அன்றைக்கு இவ்வளவு தெரிந்திருந்தால் வேறு மாதிரிச் சொல்லியிருப்பேன்.

சாயங்காலம் கேட்டருகே அக்காவிடம் சொன்னேன். அவள் நனைந்த சுவரில் அப்படியே சாய்ந்துகொண்டாள்.

"யார்ட்டயும் சொல்லிராத. நானே அவருட்ட பக்குவமாச் சொல்லுதேன். அவரே வேண்டாம்னு சொல்லிருவாரு."

"எப்போ சொல்லுவே?"

"சொல்லுதேன்னு சொல்லுதேம்லா."

தினமும் காத்திருந்தேன். ஆடி போய் ஆவணி பிறந்தது. ஆவணி முதல் வெள்ளிக்கிழமை எனக்குப் பூ வைக்க வந்துவிட்டார்கள். அத்தை, அத்தான், சொந்தக்காரர்கள் பத்துப் பேர். பூத்தட்டை ஏந்திக்கொண்டு வந்தவள் அக்கா. நான் அவளைப் பார்த்தேன். அவள் தட்டை மட்டுமே பார்த்தாள். அவள் சொல்லவே இல்லை, அத்தானும் கேட்டிருக்கவில்லை என்று அப்போதே தெரிந்துவிட்டது. அத்தான் எனக்கெதிரே, யார் முகத்தையும் பாராமல் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்.

"அண்ணாச்சி, நல்ல நேரம் போவுது, வச்சிருதேன்" என்று அப்பாவிடம் சொல்லிவிட்டு, அத்தை பூவை எடுத்துக்கொண்டு வந்தார். அவர் கை என் தலைக்கு வந்தது. அந்தக் கையைப் பிடித்து நிறுத்தினேன்.

"வேண்டாம் அத்தை. கொறை அக்காவுக்கு இல்ல, அத்தானுக்கு. நான் மைக்ராஸ்கோப்புல வச்சுப் பாத்தேன். அக்காதான் குப்பில கொண்டாந்து தந்தா. ஒண்ணுமே இல்ல, ஒரு அணுகூட இல்ல."

அத்தை என்னை அறையப்போகிறார் என்று நினைத்தேன். அப்பா, "பொய்யி! கழுத, பொய் சொல்லுதா!" என்று கத்தினார். அத்தான் அதைப் பிடித்துக்கொண்டு, ஆமாம் பொய் என்று சொல்லியிருக்கலாம். என்னிடம் ஒரு துண்டுக் காகிதம்கூட இல்லை.

அவர் என் பக்கமே திரும்பவில்லை. அக்காவைத்தான் பார்த்தார்.

"டாக்டரம்மான்னு சொன்னியே" என்றார்.

அவ்வளவுதான். எழுந்து செருப்பைக்கூடப் போடாமல் போனார். இனி யாரும் என்னை நம்பாமலிருக்க முடியாது. பூவைத் தட்டிலேயே போட்டுவிட்டு அத்தையும் கிளம்பினார். அக்கா தட்டைக் கீழே வைத்துவிட்டு வந்து என் கன்னத்தில் ஒரு அறை விட்டாள்.

"நாலு பேரு முன்னால எம் புருசன உரிச்சுப் போட்டுட்டியேட்டி!"

அதற்குப் பிறகு இரண்டாம் கல்யாணப் பேச்சு அந்த வீட்டில் எழவே இல்லை. அக்காவை அவர் அடிக்கவில்லை, விலக்கவும் இல்லை. அவளோடு பேசுவதைத்தான் நிறுத்திவிட்டார். பரிமாறினால் சாப்பிடுவார். என்ன வேண்டுமென்றாலும் தன் அம்மாவிடம் சொல்வார். அக்காவுக்காகத்தான் வாய் திறந்தேன் என்று ரொம்ப நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பொய். எனக்காகத் திறந்தேன்.

மூன்று வருஷம் கழித்து ஆராய்ச்சியில் சேர மெட்ராஸ் கிளம்பினேன். யாரும் சொல்லாமலே அக்கா தென்காசி பஸ் ஸ்டாண்டுக்கு வந்தாள். பழைய கோபம் அவள் முகத்தில் இல்லை. அத்தான் இன்னும் பேசமாட்டேன் என்கிறாரா என்று கேட்டேன்.

"நீ தப்பிச்சுட்டட்டி" என்றாள். "நான் அங்கனதான இருக்கேன்."