பட்டி பார்த்த கை

தினமும் காலையில் ஈரத்துணி மாற்றுவது கணவர் வேலை. ஆளுயரத்தைத் தாண்டி நின்ற மண் உருவத்திலிருந்து பழைய போர்வைத் துண்டுகளை உரித்து, வாளியில் முக்கிப் பிழிந்து மறுபடி சுற்றுவார். ஒரு பக்கம் முந்திக் காய்ந்தால் விரிசல் விடும். அதைச் செய்த அவளால் இப்போது கை தூக்க முடியாது. வலது தோள் போய்விட்டது. இதோடு பெரிய உருவங்களை விட்டுவிடச் சொல்லியிருந்தார் டாக்டர். இத்தனை வருஷம் செய்தவை வீட்டுக்குப் பின்னால் பாசி பிடித்து நிற்க, இதற்குத்தான் முதன்முதலாக நூலக முற்றத்தில் இடம் கிடைத்திருந்தது.

"என்னக்கா இது, காதா, கிட்னியா?" என்றாள் பார்க்க வந்த தங்கை.

"எதுவும் இல்லடி. அதுபாட்டுக்கு ஒண்ணு."

"மாமா என்னமா குளிப்பாட்டுறாரு! உனக்கு என்னைக்காவது தலை துவட்டி விட்டிருக்காரா?"

"உங்கக்கா விரிசல் விடமாட்டாளே" என்றார் அவர், துணியைப் பிழிந்தபடி.

வாழ்நாளெல்லாம் வீடுகளுக்குப் பெயிண்ட் அடித்தவர். யார் வீட்டுக்குப் போனாலும் உள்ளங்கை தானாகச் சுவரைத் தடவும். ஆணித் துளை ஒன்று தட்டுப்பட்டால் பட்டி வைத்து அடைக்காமல் அவருக்குச் சோறு இறங்காது.

உருவம் நன்றாகக் காய்ந்ததும், நகர்த்த முடியாததால், அது நின்ற கொட்டகையிலேயே அதைச் சுற்றிச் செங்கல் அடுக்கிச் சூளை கட்டி மூட்டினார்கள். மறுநாள் உள்ளே பெரிதாக ஒரு சத்தம்.

"செங்கல் ஏதாவது சரிஞ்சிருக்கும்" என்றார்.

"ஆமா" என்றாள். செங்கல் சரிகிற சத்தம் அவளுக்குத் தெரியாதா?

சூளை ஆறும்வரை அவள் எதுவும் சாப்பிடவில்லை. பிரித்தபோது உருவம் நின்ற இடத்தில் ஒரு குவியல் ஓடு கிடந்தது. ஒட்டிவிடலாம் என்று தரையில் உட்கார்ந்து, இடது கையால் ஒவ்வொன்றாகப் பொருத்திப் பார்த்தாள். இருட்டும்வரை பொருந்தியது உள்ளங்கை அகலத்துக்கு.

அப்புறம்தான் அந்தத் துண்டு கிடைத்தது. நாலாபக்கமும் மூடிய உருவம்; உள்ளே அடைபட்ட ஈரமும் காற்றும் சூட்டில் வெளியேற, பின்பக்கம் அடியில் விரல் நுழைகிற துளை ஒன்று விட்டிருந்தாள். அந்தத் துளை இப்போது இல்லை. மண் வைத்து அடைத்து, வழவழவென்று இழைத்திருந்தது. ஓரத்தில் அகலமான கட்டைவிரல் ரேகை.

துண்டை முந்தானையில் பொதிந்துகொண்டு சமையலறைக்கு வந்தாள். அவர் சோற்றைத் தட்டில் போட்டு மூடி வைத்திருந்தார்.

"ரெண்டு வாய் சாப்பிடு." அவள் நின்றுகொண்டே இருந்தாள். "ஈரத்துல ஏதும் குறை வச்சிட்டேனா? சொல்லேன்."

அவள் தண்ணீர் குடித்தாள். வாயைத் திறந்தால் என்ன வருமென்று அவளுக்கே பயமாக இருந்தது.

"மறுபடி செய்யலாம். நான் தூக்கித் தர்றேன், நீ உக்காந்து சொல்லு, போதும்" என்றார். "ஒரு பொட்டு ஓட்டை இல்லாம தடவித் தடவிப் பாத்தேனே... பின்ன எப்படி வெடிச்சுது?"

டம்ளரைக் கவிழ்த்து வைத்துவிட்டு, முந்தானை முடிச்சை இறுகப் பிடித்தபடி அவள் வெளியே போனாள்.